சுத்தியல் நின்றால் இங்கிலீஷும் நிற்கும்

சுத்தியல் ஓடினால் சாலமோனுக்கு இங்கிலீஷ் வரும். சுத்தியல் நின்றால் இங்கிலீஷும் நின்றுவிடும்.

ஏன் அப்படி என்று அவனுக்கு விளங்கவில்லை. ஒரு யந்திரம் கோளாறு செய்தால் அவன் விடமாட்டான். கழற்றிப் பார்ப்பான், துடைத்துப் பார்ப்பான், காதை வைத்துக் கேட்பான். ஆனால் தன் வாயையே கழற்றிப் பார்க்க முடியுமா?

சுத்தியல் என்றால் கையில் பிடிக்கும் சுத்தியல் இல்லை. கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்த இரும்புப் பட்டறையில், இரண்டு ஆள் உயரத்துக்கு நின்ற காற்றுச் சுத்தியல். அது வேலை செய்யும் விதம் வெகு அழகு. பின்னால் ஒரு மோட்டார். மோட்டார் ஓர் உருளைக்குள் பிஸ்டனை மேலும் கீழும் ஆட்டும். பிஸ்டன் காற்றை அழுத்தும். அழுந்திய காற்று பக்கத்து உருளைக்குள் பாய்ந்து, அங்கே தொங்கும் பெரிய இரும்புத் தலையைத் தூக்கும். தூக்கிய வேகத்தில் கீழே அறையும். எவ்வளவு காற்றை விடுவது என்பது ஓட்டுகிறவன் கையிலிருக்கும் பிடியில் இருக்கிறது. சாலமோன் மனசு வைத்தால் அந்தத் தலையை இறக்கி வேர்க்கடலைத் தோலை மட்டும் உடைப்பான். முழுப் பிடியையும் இழுத்தால் சிவந்த இரும்புக் கட்டை சப்பாத்தி மாவு மாதிரி அமுங்கும்.

அவனுக்கு நேர் எதிரே நிற்பவன் துலுக்காணம். நீளக் குறட்டால் சிவந்த இரும்பைப் பிடித்து, அடி விழும் அடைகல்லின் மேல் திருப்பித் திருப்பிக் கொடுப்பது அவன் வேலை. கொஞ்சம் தள்ளி உலையைப் பார்த்துக்கொள்பவர் பூவராகவன், மூவரில் மூத்தவர். சுத்தியல் ஓடும்போது பட்டறைக்குள்ளேயே சங்கு ஊதினாலும் கேட்காது.

அந்த இரைச்சல்தான் சாலமோனுக்குப் பள்ளிக்கூடம். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்த இங்கிலீஷையும், மேனேஜர் விருந்தாளிகளிடம் பேசும்போது பொறுக்கிய வாக்கியங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, அடிக்கு ஒரு சொல்லாகத் தொண்டை கிழியச் சொல்லுவான்.

"குட்! மார்னிங்! சார்! திஸ்! இஸ்! ஏர்! ஹேமர்! மோட்டார்! புஷிங்! பிஸ்டன்! பிஸ்டன்! புஷிங்! ஏர்!"

யாருக்கும் கேட்காது. ஆகவே யாரும் சிரிக்க மாட்டார்கள். அந்த நிம்மதியில் வருடக்கணக்காகப் பேசிப் பேசி, வாக்கியங்கள் நாக்கில் வழவழவென்று ஓடின.

ஆனால் மோட்டாரை நிறுத்திவிட்டு ஒருவர் வந்து, "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்டால், "யெஸ்" என்பான். போன வருடம் ஓர் அதிகாரி கேட்டபோது அப்படித்தான் சொன்னான். கூட வந்த குமாஸ்தா சிரித்த சிரிப்பு இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மேனேஜர் துளசிராமன் அவனை அறைக்குக் கூப்பிட்டார்.

"சாலமோன், புது சுத்தியல் வாங்கறோம். இதைவிட மூணு மடங்கு பெரிசு. விக்கிற ஜெர்மன் கம்பெனி இஞ்சினியர், வெபர்னு பேரு, வர்ற புதன்கிழமை இங்க வர்றார். ஓட்டப்போற ஆளை அவரே பார்த்து எடுத்து, பெங்களூர்ல பயிற்சி தருவார். எல்லாம் இங்கிலீஷ்ல."

"சரிங்க சார்."

"உன் சுத்தியலைப் பத்தி நீயே அவருக்கு விளக்கிச் சொல்லிட்டா, பெங்களூர் போறது நீதான். இல்லேன்னா பெரம்பூர்ல ஒருத்தர் இருக்கார், நல்லா இங்கிலீஷ் பேசுவார். அவரைப் போட்டுட்டு, உன்னை அவருக்கு உதவியாளா வெச்சுக்கச் சொல்லி மேலிடத்துல பேச்சு."

"அவருக்கு சுத்தி ஓட்டத் தெரியுமா சார்?"

"கத்துக்குவார்."

சாலமோன் அறையை விட்டு வெளியே வந்தான். தன் சுத்தியலின் பிடியை வேறொருவன் பிடிக்க, தான் பக்கத்தில் நின்று எண்ணெய்க் குப்பியை நீட்டுவதா?

வீட்டுக்குப் போனதும் மனைவி ரோசம்மாளிடம் சொன்னான். ரோசம்மாளுக்குக் கூச்சம் என்பது என்னவென்றே தெரியாது. சந்தைக்குச் சூளூர்ப்பேட்டையிலிருந்து வரும் காய்க்காரர்களிடம் நாலே நாலு தெலுங்குச் சொல்லை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் சண்டை போடுவாள்.

"இவ்ளோதானா? எங்கிட்ட பேசு. என்ன தொரைன்னு நெனச்சிக்கோ" என்று முக்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டாள்.

சாலமோன் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"இன்னாயா, கொட்டாவி வுட்ற?"

"வரமாட்டுதுமே. சுத்தி ஓட்னாதான் வருது."

ரோசம்மாள் யோசித்தாள். காரணம் சத்தம் என்றால் சத்தத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதானே? உள்ளே போய்ப் பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். உலக்கையை எடுத்தாள்.

"நான் ஒரு அடி அடிக்கிறேன், நீ ஒரு வார்த்த சொல்லு."

டமார்! "குட்!"

டமார்! "மார்னிங்!"

வந்தது! மடை திறந்த மாதிரி வந்தது. ரோசம்மாள் இன்னும் உற்சாகமாக இடித்தாள். சாலமோன் இன்னும் உரக்கக் கத்தினான். 'ஏர் லிஃப்டிங் ஹேமர்' வரை போய்ச் சேர்ந்தபோது வாசலில் பாதித் தெரு நின்றது. அடுத்த வீட்டு ஞானம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஐயோ ரோசம்மா, அடிக்கிறாரா உங்க ஊட்டுக்காரரு?"

"இல்லக்கா, நாந்தான் அடிக்கிறேன்."

இந்தப் பதில் நிலைமையைச் சரிசெய்யவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் செய்தி தெருவைச் சுற்றி வந்துவிட்டது. சாலமோன் தனக்குத்தானே இங்கிலீஷில் கத்துகிறான். பெண்டாட்டி உலக்கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். சர்ச்சிலிருந்து உபதேசியார் தாவீது வேதாகமத்தோடு வந்துவிட்டார்.

"பயப்படாதம்மா" என்றார் ரோசம்மாளிடம். "பேசற பாஷையப் பாத்தா, ஏதோ செத்துப்போன தொரையோட ஆவி மாதிரி கீது. நல்ல குடும்பத்து ஆவிதான். ஜெபம் பண்ணா போயிடும்."

"ஐயரே, அது போச்சுன்னா அவரு வேலயும் போயிடும்! அது இருக்கணும்னு ஜெபம் பண்ணுங்க!"

உபதேசியார் அப்படியொரு ஜெபம் தனக்குத் தெரியாது என்று சொல்லி, தலையில் கை வைத்துப் பொதுவாக ஒன்று பண்ணிவிட்டுப் போனார்.

மறுநாள் மேனேஜர் மிகவும் அன்பாகக் கூப்பிட்டார். சாலமோனுக்குப் பயம் வந்தது.

"உடம்பு சரியில்லையாமே? ரெண்டு வாரம் லீவு எடுத்துக்கோப்பா. பெரம்பூர்க்காரரையே வரச் சொல்லிடறேன்."

"இல்ல சார்! நல்லா கீறேன் சார்!"

"இங்கிலீஷ் பேசினாலே வேர்த்துக் கொட்டுதுன்னு சொன்னாங்களே?"

"நாளைக்கு வந்து இங்கிலீஷ்லயே பேசறேன் சார். நீங்களே பாருங்க."

சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. மேனேஜர் அறையில் சுத்தியல் கிடையாது. அண்டாவும் கிடையாது. மின்விசிறி ஒன்று உண்டு. அதுவும் சத்தம் போடாத புது விசிறி.

அன்று முழுக்க யோசித்து அவன் ஒரு முடிவுக்கு வந்தான். சத்தத்தில் என்ன நடக்கிறது? தன் குரல் தன் காதில் விழுவதில்லை. குரல் கேட்காததால் வெட்கம் வருவதில்லை. ஆக, சத்தம் தேவையில்லை. காது கேட்காமல் இருந்தால் போதும். கணக்கு சரியாகத்தான் வந்தது. மறுநாள் காலையில் இரண்டு காதிலும் பஞ்சைத் திணித்து, மேலே தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் நின்றான்.

மேனேஜர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். உதடு அசைந்தது. உடம்பு எப்படியிருக்கிறது என்றுதான் கேட்டிருப்பார்.

"திஸ் இஸ் ஏர் ஹேமர்!" என்றான் சாலமோன்.

பஞ்சு வைத்தவனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது அல்லவா? சுத்தியலுக்குப் பக்கத்தில் கத்துகிற அதே அளவில் கத்திவிட்டான். மேஜைமேல் இருந்த டீ டம்ளர் குலுங்கியது. டைப்பிஸ்ட் ஆரோக்கியமேரி எழுந்து சுவரோரம் போய் நின்றாள்.

மேனேஜர் ஆறுதலாகக் கையை உயர்த்தி வேறேதோ கேட்டார்.

"மோட்டார் புஷிங் பிஸ்டன்!"

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். பெரம்பூருக்கு அன்றே தந்தி போயிற்று. வியாழக்கிழமை வந்து வேலையில் சேரலாம் என்று.

பஞ்சை எடுத்துவிட்டுச் சாலமோன் கெஞ்சினான்.

"சார், ஒரே ஒரு தபா. புதன்கிழமை தொரை வர்றப்ப சுத்தி ஓடிக்கினு இருக்கட்டும் சார். நான் ஓட்டிக்கினே சொல்லிடறேன்."

"ஓடும்போது சொன்னா அவருக்கு எப்படிப்பா கேக்கும்?"

"கேக்காட்டி இன்னா சார், நான் சொல்றேன்ல?"

மேனேஜர் துளசிராமன் நல்ல மனுஷர். அவனுடைய கைவேலை அவருக்குத் தெரியும். தலையை ஆட்டிவிட்டார்.

புதன்கிழமை வெபர் துரை வந்தார். சோழவரம் வழியாக அம்பாசிடரில் வந்ததில் வெயிலும் புழுதியும் சேர்ந்து செங்கல் நிறத்தில் இருந்தார். சுத்தியலைக் கண்டதும் குழந்தையைப் பார்த்த மாதிரி முகம் மலர்ந்தது. அதைப் பார்த்தவுடன் சாலமோனுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. உடனே மோட்டாரை முடுக்கினான்.

பூவராகவன் உலையிலிருந்து சிவந்த கட்டையை உருட்டினார். துலுக்காணம் குறட்டால் அள்ளி அடைகல்லில் வைத்தான். சாலமோன் பிடியை இழுத்தான்.

"குட்! மார்னிங்! சார்! மை! நேம்! இஸ்! சாலமோன்!"

துரை காதில் கையைக் குவித்துக் கிட்டே வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே, நிறுத்து என்று கையைக் காட்டினார். சாலமோன் அதை, இன்னும் ஓங்கி அடி என்பதாக எடுத்துக்கொண்டான். ஓங்கி அடித்தான். மேனேஜரும் நிறுத்து என்று கையைக் காட்டினார். சாலமோன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. துலுக்காணத்தையே பார்த்துக்கொண்டு அடித்தான். கட்டை தகடாயிற்று. தகடு அப்பளமாயிற்று. அப்பளம் குறட்டிலிருந்து தொங்கியது. ரயில் பெட்டிக்குக் கொக்கியாக வேண்டிய இரும்பு அது.

"இன்னொண்ணு!" என்று கத்தினான். பூவராகவன் அடுத்ததை உருட்டினார். நிறுத்தினால்தானே பேச வேண்டும்! இருக்கிற இரும்பையெல்லாம் அடித்தே மாலை வரை ஓட்டிவிடலாம் என்று அவனுக்கு ஓர் எண்ணம்.

"மோட்டார்! புஷிங்! பிஸ்டன்! பிஸ்டன்! புஷிங்—"

கரண்ட் போய்விட்டது.

அந்த வருடம் ஊரெங்கும் மின்வெட்டு. சொல்லிவிட்டும் போகும், சொல்லாமலும் போகும். அன்று சொல்லாமல் போயிற்று. மோட்டார் முனகி அடங்கியது. காற்று உஸ்ஸென்று இறங்க, இரும்புத் தலை மெல்லத் தாழ்ந்து அடைகல்லில் உட்கார்ந்தது. பட்டறை முழுக்க ஒரே ஒரு சத்தம் மிஞ்சியிருந்தது.

"—ஏர்!"

அது சாலமோனுடைய குரல். கூரைத் தகட்டில் மோதி அது அவனிடமே திரும்பி வந்தது. வெளியே ஒரு காக்கை கத்தியது. ஜி.என்.டி. ரோட்டில் ஒரு லாரி போயிற்று. பட்டறையில் இருந்த அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"ஆ, குட்" என்றார் துரை, நிம்மதியாக. "நௌ ஐ ஹியர் யூ. ப்ளீஸ். ஏர், அண்ட் தென்?"

அப்புறம்? அப்புறம் என்ன? அவனுக்குள் ஒன்றுமே இல்லை. அலம்பிக் கவிழ்த்த அண்டா மாதிரி காலியாக இருந்தது. மேனேஜர் தரையைப் பார்த்தார்.

அடுத்த அடி எங்கே என்று தெரியாதபோது சுத்தியல் ஓட்டுகிறவன் குறடு பிடிக்கிறவனைத்தான் பார்ப்பான். அது பழக்கம். சாலமோனின் கண் தானாகவே துலுக்காணத்தின் முகத்துக்குப் போயிற்று.

"ஏர் லிஃப்டிங் ஹேமர்" என்று அவன் வாய் சொன்னது.

எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. துரை தலையாட்டினார். மறுபடி துலுக்காணத்தைப் பார்த்தான்.

"தென் ஏர் த்ரோயிங் ஹேமர் டௌன்."

"வெரி குட்!"

மறுபடி தடுமாறியபோது கண் உலைப் பக்கம் பூவராகவனிடம் போயிற்று. "திஸ் ஹேண்டில், லிட்டில் ஏர், லிட்டில் ப்ளோ. ஃபுல் ஏர், ஃபுல் ப்ளோ" என்று வந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வருடக்கணக்காக ஓடிய வாக்கியங்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வரிசையாக வெளியே வந்தன. அமைதியில் தன் குரல் இப்படித்தான் இருக்குமா என்று சாலமோன் காதுகொடுத்துக் கேட்டான். ஒன்றும் மோசமில்லை.

அப்போது துரை, காற்று நுழையும் குழாயைச் சுற்றியிருந்த ஈரச் சாக்கைக் காட்டி, அது எதற்கு என்று கேட்டார்.

இது பாடத்தில் இல்லாத கேள்வி. வெயிலில் காற்று சூடானால் விரிந்து மெலிந்துவிடும், அதே உருளைக்குள் குறைந்த காற்றே புகும், அடி தளர்ந்துபோகும். குழாயை ஈரச் சாக்கால் குளிர்வித்தால் காற்று கெட்டியாக வரும். இவ்வளவையும் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சாலமோன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"சார், மே மந்த் வெரி ஹாட். ஹாட் ஏர், லேஸி ஏர். ஒன்லி ஸ்லீப்பிங். வெட் சாக் புட், ஏர் வேக் அப், கோ டு டியூட்டி."

துரை அந்தச் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். குமாஸ்தா சிரித்த சிரிப்பு இல்லை இது. கூட நின்று சிரிக்கும் சிரிப்பு. "லேஸி ஏர்! யெஸ், யெஸ்!" என்று சாலமோனின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேனேஜரிடம் திரும்பி, "திஸ் மேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது வேர்வையை மட்டும் இல்லை.

"பெரம்பூருக்கு இன்னொரு தந்தி அடிக்கணும்" என்றார். "வர வேண்டாம்னு."

கரண்ட் வரும்வரை பட்டறைக்காரர்கள் மூவரும் கேண்டீனில் டீ குடித்தார்கள். சாலமோனால் உட்காரவே முடியவில்லை. முதுகு நிமிர்ந்து நெஞ்சு தூக்கிக்கொண்டு நின்றது.

"பாத்தியா துலுக்காணம்? கரண்ட்டு போன ஒடனே ஒண்ணுமே வரல. அப்பறம் ஆருக்கும் கேக்காம எவனோ காதுக்குள்ள வந்து சொன்ன மாரி, கடகடன்னு வந்துச்சுபா! கர்த்தரோட கிருபைதான்!"

பூவராகவன் டீயை ஆற்றியபடி சிரித்தார். "கர்த்தரு வேற ஆருக்காவது சொல்லிக்கினு இருந்திருப்பாரு. ஒனக்கு சொன்னது இவன்."

"ஆமா நைனா" என்றான் துலுக்காணம். "நீ முழிச்சப்ப நாந்தான் வாய அசச்சேன். அப்பறம் உலையாண்ட இவரு அசச்சாரு."

"ஒனக்கு இங்கிலீசு ஏதுடா?"

"தெனம் நீதான சொல்ற? ஏர் லிப்டிங் ஏம்மர். மனப்பாடமாயிடுச்சு. எம்பொண்டாட்டிக்குக் கூடத் தெரியும்."

"சுத்தி ஓடுற சத்தத்துல நான் சொல்றது ஒனக்கு எப்டிடா கேக்கும்?"

துலுக்காணம் டம்ளரைக் கீழே வைத்தான்.

"காலீல சுத்தி ஓடறப்ப, நாஷ்டா இன்னா துன்னேன்னு உன்னக் கேட்டனா இல்லியா?"

"கேட்ட."

"புட்டுன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"அது ஒனக்கு எப்டிக் கேட்டுது?"

சாலமோன் தன் காதைத் தொட்டுப் பார்த்தான். இத்தனை வருடமும் அதைக் காதால் கேட்டதாகத்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

துலுக்காணம் சொன்னான்:

"சத்தத்துல நம்ம பட்டறையில காதால கேக்கறவன் எவனும் இல்ல நைனா, வாயப் பாத்துத்தான் எல்லாரும் கேக்கறோம். நீ தனியா இங்கிலீசு பேசனதே கெடையாது, இத்தினி வருசமா எங்க அத்தினி பேரு முன்னாடியுந்தான் பேசிக்கினு கீற."